முதுகுத்தண்டில் அடிபட்டு வீட்டுக்கு வந்தாயிற்று, அரசாங்கத்தில் என்னென்ன கேட்கலாம்?

தோப்புக்காரன் | 10 ஆகஸ்ட் 2024, மாலை 6:12

மாமா பையன், வயசு 29. தென்னை ஏறுகிற தொழில். ஜூன் மாசம் மரத்திலிருந்து விழுந்துட்டான். பெரியாஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சாங்க. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. மூத்திரத்துக்கு டியூப் போட்டிருக்கு. வீட்டுக்கு அனுப்பி மூணு வாரம் ஆச்சு. கலெக்டர் ஆபீஸ்ல வீல்சேர் தருவாங்க, மனு போடுன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. மாசம் பணம் எவ்வளவு வரும்? முதல்ல எங்க போகணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சுரண்டைக்காரி | 10 ஆகஸ்ட் 2024, இரவு 9:47

மனு, பணம், வண்டி எல்லாம் நாளைக்கு எழுதுகிறேன். இன்று ராத்திரியே ஒரு காரியம் செய்யுங்கள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து வால் எலும்பு, இரண்டு பக்க இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால் மேடு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்காவது சிவந்தோ கறுத்தோ இருந்தால் விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். அழுத்திய இடம் வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அந்தச் சிவப்பு போகும்வரை அந்த இடத்தில் பாரம் விழவே கூடாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்தான். அலாரம் வைத்து வீட்டில் ஆள் மாற்றி ஆள் எழுந்திருங்கள்.

என் தம்பி கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவன். அது 2014. ஆபரேஷன் தையல் அழகாக ஆறிவிட்டது. ஆனால் வால் எலும்பில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்துவிட்டது. புரட்டிப் போட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அது மூட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருஷமும் அவன் குப்புறவே கிடந்தான்.

சுரண்டைக்காரி | 10 ஆகஸ்ட் 2024, இரவு 10:05

டியூப்: பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். ஆளைத் தூக்கும்போது பையை வயிற்றின் மேல் வைக்காதீர்கள், மூத்திரம் திரும்ப உள்ளே போகும். டியூப் மாற்றிய தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். சாதாரண ரப்பர் டியூப் என்றால் மாசக்கணக்கில் விடக் கூடாது, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். பை சீக்கிரம் நிறைகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

சுரண்டைக்காரி | 11 ஆகஸ்ட் 2024, காலை 7:30

இப்போது காகிதங்கள்.

முதல் வாசல் யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. அது இல்லாமல் வேறெந்தக் கதவும் திறக்காது. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும், இ-சேவை மையத்திலும் போட்டுத் தருவார்கள். ஆதார், போட்டோ, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ முகாமிலோ டாக்டர் பார்த்து பாதிப்பு எத்தனை சதவீதம் என்று போடுவார். நாற்பது சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி. அடிபட்டுக் கொஞ்ச நாளே ஆகியிருந்தால் தற்காலிகச் சான்று தருவார்கள், மனம் தளர வேண்டாம். புதுப்பிக்க வேண்டிய தேதி அதிலேயே இருக்கும்.

டாக்டர் முன்னால் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். கால் மட்டும் அல்ல, மூத்திரமும் மலமும் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் சதவீதம் குறையும். என் தம்பி முதல் தடவை வாயே திறக்கவில்லை. அம்மாதான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சொன்னாள்.

அட்டை வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போங்கள். கலெக்டர் அலுவலக வளாகத்திலேயோ பக்கத்திலேயோ இருக்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிற மனுவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும். ஆனாலும் திங்கட்கிழமை மனு கொடுங்கள், எண் போட்ட ரசீது கிடைக்கும். பின்னால் கேள்வி கேட்க அது உதவும்.

சுரண்டைக்காரி | 11 ஆகஸ்ட் 2024, மதியம் 2:15

விட்டுப்போனது. தென்னை ஏறுகிறவர் என்றீர்களே, தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீட்டில் அவர் பெயர் உண்டா என்று பாருங்கள். மரமேறும் பயிற்சிக்குப் போயிருந்தால் சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு. அது இல்லையென்றால் தொழிலாளர் நல வாரிய அட்டை, அல்லது உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள். விபத்தில் ஊனம் ஏற்பட்டால் இவற்றில் நிவாரணம் உண்டு. இதில் தாமதம் கூடாது. என் தம்பிக்குக் கட்டுமான வாரிய அட்டை இருந்தது, புதுப்பிக்காமல் விட்டிருந்தான், ஒன்றும் வரவில்லை. இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் வீட்டில் கூலி வேலைக்குப் போகிறவரின் அட்டையை எடுத்துத் தேதி பாருங்கள்.

சுரண்டைக்காரி | 13 ஆகஸ்ட் 2024, இரவு 8:50

ஒருவர் "இரண்டு உதவித்தொகையும் சேர்த்து 3,500 வாங்கலாம்" என்று எழுதியிருக்கிறார். அப்படி வாங்க முடியாது, ஏதாவது ஒன்றுதான்.

வருவாய்த்துறை தருவது ஒன்று, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் வழியாக வரும். ஊரில் இதையும் முதியோர் உதவித்தொகையோடு சேர்த்து ஓ.ஏ.பி. என்றுதான் சொல்வார்கள். 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். மற்றது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000. கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்றவர்களுக்கு. தண்டுவடம் அடிபட்டு 75 சதவீதத்துக்கு மேல் சான்று இருந்தால் இதைத்தான் கேட்க வேண்டும். 1,500-ஐ முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மாற்றுவது அலைச்சல்.

முதியோர் உதவித்தொகை 1,200, மாற்றுத்திறனாளிக்கு 1,500. ஏன் இந்தக் கணக்கு என்று யோசித்திருக்கிறீர்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. 1,200-இல் கால்வாசி 300. சட்டம் சொன்ன அடிமட்டக் கோட்டில் சரியாக நிற்கிறோம்.

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் டெல்லியின் பங்கு மாதம் 300 ரூபாய். அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவீதம் பாதிப்புள்ளவர்களுக்கு. பல வருஷமாக அதே 300. ஆந்திராவில் இந்த ஜூலையிலிருந்து 6,000 ஆக்கியிருக்கிறார்கள். படுக்கையோடு கிடப்பவருக்கு 15,000. எல்லை தாண்டினால் அதே உடம்புக்கு இவ்வளவு வித்தியாசம். நம் ஊரிலும் சங்கங்கள் இதைக் கேட்டுத்தான் சாலையில் உட்காருகிறார்கள். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயம் என்பதே என் எண்ணம். டியூப், பை, கையுறை, மருந்து, புண் கட்டும் துணி வாங்கினாலே 2,000 தீர்ந்துவிடும். சோறு அதற்கு மேல்.

தோப்புக்காரன் | 19 ஆகஸ்ட் 2024, காலை 11:20

அக்கா, வால் எலும்புல சிவப்பு இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரி புரட்டிப் போட்டோம், இப்ப குறைஞ்சிருக்கு. ஒரு டிரஸ்ட் வீல்சேர் தரேன்னு வந்து அளவு கூட எடுக்காம போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. வாங்கலாமா?

சுரண்டைக்காரி | 19 ஆகஸ்ட் 2024, இரவு 9:10

சிவப்பு குறைந்தது கேட்டு நெஞ்சு நிறைந்தது. விடாதீர்கள்.

வீல்சேர்: வாங்குங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். முகாமில் வரும் மடக்கு வண்டி பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளைத் தள்ளிக்கொண்டு போகச் செய்தது. நாள் முழுக்க அதிலேயே வாழப்போகிறவருக்கு அது போதாது.

பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். உட்காரும் அகலம் இடுப்பளவைவிட இரண்டு பக்கமும் ஒரு விரல் கூடுதலாக இருந்தால் போதும். அதிகம் அகலமானால் ஒரு பக்கம் சாய்ந்தே உட்கார்ந்து முதுகு வளையும், ஒரு பக்கப் பிட்டத்தில் புண் வரும். கைப்பிடி கழற்றுவதாக இருக்க வேண்டும், அப்போதுதான் கட்டிலுக்குப் பக்கவாட்டில் நகர முடியும். கால் வைக்கும் பலகை உயரம் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே மெத்தை. வெறும் ரெக்சின் துணியில் ஒரு மணி நேரம்கூட உட்கார வைக்காதீர்கள். காற்றுமெத்தையோ ஜெல் மெத்தையோ நல்ல கெட்டி ஃபோமோ வேண்டும். மெத்தை இருந்தாலும் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும்.

மத்திய அரசின் அடிப் (ADIP) என்ற உதவிக் கருவித் திட்டத்தில், கான்பூரில் 1972-இல் தொடங்கிய அலிம்கோ நிறுவனம் வழியாகக் கருவிகள் வரும். அளவெடுக்க முகாம் போடுவார்கள், பிறகு கொடுக்க ஒரு முகாம். மாநில அரசும் தனியாகத் தருகிறது. கையும் காலும் சேர்ந்து பாதித்தவர்களுக்கு பேட்டரி வண்டி, கை நன்றாக இருப்பவர்களுக்குப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். உங்கள் மாமா பையனுக்குக் கை நன்றாக இருப்பதால் ஸ்கூட்டருக்கு எழுதிக் கொடுங்கள். காத்திருப்புப் பட்டியல் நீளம், அதனால் இன்றே பெயர் ஏறட்டும்.

தம்பிக்கு ஒரு விழாவில் வண்டி கொடுத்தார்கள். மாலையெல்லாம் போட்டார்கள். முன்சக்கரம் கொஞ்ச மாசத்தில் உடைந்தது. அதைச் சரி செய்ய மாவட்டத்தில் ஆள் இல்லை. புது வண்டிக்கு மனு போடுங்கள் என்றார்கள், சில வருஷம் கழித்துத்தான் மறுபடி தகுதி என்றும் சொன்னார்கள். சைக்கிள் கடை அண்ணாச்சிதான் குழந்தை சைக்கிளின் சக்கரத்தை மாட்டி ஓட வைத்தார். தம்பி அதற்கு வைத்த பேர் "அரை டிக்கெட்".

தாலுகாவுக்கு ஒரு பழுதுபார்க்கும் ஆள், ஒரு பெட்டி உதிரிப்பாகம். இதற்கு ஆகும் செலவு என்ன? புது வண்டி கொடுக்கும் விழா மேடைக்கு ஆகிற செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சுரண்டைக்காரி | 24 ஆகஸ்ட் 2024, இரவு 11:30

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், "ரீஹாப் ரீஹாப் என்கிறார்களே, அது பிசியோதெரபிதானே, வீட்டுக்கே ஆளை வரவழைத்தால் போதாதா" என்று. போதாது. ரீஹாப் என்றால் மறுவாழ்வுப் பயிற்சி, தன் காரியத்தைத் தானே செய்யப் பழகுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டிலும் முதலில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிதான். காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவார். கேரளா எண்ணெய், நாட்டு வைத்தியம், கோயில் எல்லாமும் நடந்தது. எல்லாரும் "நடந்துருவான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். நடப்பதற்காகக் காத்திருந்ததில் உட்காரக் கற்றுக்கொள்ளவில்லை. பிறகுதான் ஒரு பக்கத்து ஊர்க்காரர், அவரும் அடிபட்டவர், தானே வண்டியை உருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணைப் படி கிட்டே வண்டியை நிறுத்தி, பலகை போட்டு, கையை ஊன்றித் திண்ணைக்கு மாறி உட்கார்ந்தார். யாரும் தூக்கவில்லை. தம்பி அன்றுதான் முதல்முறையாகக் கேள்வி கேட்டான்: "அண்ணே, ஒண்ணுக்கு எப்படிப் போறிய?"

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது, பாகாயத்தில். அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-இல் அந்த நிலையத்தைத் திறந்தார். நோயாளிகளை உள்ளேயே தங்க வைத்துப் பயிற்சி தரும் இடம் இந்தியாவில் அதுவே முதல். தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டவர் கட்டியது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எங்களுக்குப் பக்கத்தில், தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. அவர் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அங்கே தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. சென்னைக்காரர்களுக்கு கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன.

இப்படி ஒரு மையத்தில் தங்கினால் என்ன கற்றுத் தருவார்கள்? கண்ணாடியை வைத்துத் தன் முதுகைத் தானே பார்ப்பது. கட்டிலிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து கக்கூசுக்கு மாறுவது. நிரந்தர டியூபை எடுத்துவிட்டு நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே மெல்லிய டியூபை விட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டு உருவிவிடுவது, சி.ஐ.சி. என்பார்கள். மலம் கழிக்கத் தினம் ஒரே நேரம் பழக்குவது. முன்சக்கரத்தைத் தூக்கி வாசற்படி ஏறுவது. சமைப்பது. விழுந்தால் தரையிலிருந்து திரும்ப வண்டியில் ஏறுவது. தண்டுவடம் அடிபட்டவர்கள் அந்தக் காலத்தில் சீக்கிரம் இறந்ததற்குப் பெரும்பாலும் சிறுநீரகமும் புண்ணும்தான் காரணம். இந்தப் பயிற்சிதான் அதைத் தடுக்கிறது.

தம்பி ஒரு மையத்தில் சில வாரம் இருந்துவிட்டு வந்தான். வந்த அன்று ராத்திரி அம்மா பழக்கத்தில் அவனைப் புரட்ட எழுந்து போனாள். அவனே புரண்டு படுத்திருந்தான். அம்மா தூங்கவே இல்லை, உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

இதை நாங்கள் முதல் மாசத்திலேயே செய்திருக்கலாம், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விட்டது. விபத்தானால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-இல் வந்தது. சாலை விபத்துக்கான நல்ல திட்டம், எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. அந்த நேரத்துக்குப் பிறகு உயிர் பிழைத்தவர் எங்கே போக வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருக்க வேண்டும். அதைத்தான் முதலில் கேட்பேன்.

சுரண்டைக்காரி | 25 ஆகஸ்ட் 2024, காலை 6:40

எல்லாருக்கும், அவசரம். கழுத்திலோ நெஞ்சின் மேல் பகுதியிலோ அடிபட்டவர்களுக்கு, அதாவது டி6 எனப்படும் நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முதுகெலும்பிலோ அதற்கு மேலோ என்றால், திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, மயிர்க்கூச்செறிவது வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவு ஏறுகிறது என்று அர்த்தம். படுக்க வைக்காதீர்கள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, டியூப் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா பாருங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். உடனே 108. பக்கத்து ஆஸ்பத்திரியில் சில நேரம் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள், "தண்டுவடம் அடிபட்டவர், பி.பி. பாருங்கள்" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

தோப்புக்காரன் போட்ட ரிப்போர்ட்டில் எல்1 என்று இருக்கிறது, அது கீழே இடுப்புப் பகுதியின் முதல் முதுகெலும்பு, அவருக்கு இந்தப் பயம் வேண்டாம்.

சுரண்டைக்காரி | 22 செப்டம்பர் 2024, இரவு 9:00

வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று ஒரு செவிலியர் தங்கை வருத்தப்பட்டார். அவர் சொன்னதை யோசித்தேன். 2021 ஆகஸ்டில் அது தொடங்கிய பிறகு எங்கள் கிராமத்துக்கே பிசியோதெரபி செய்யும் பெண்ணும், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் செவிலியரும் வருகிறார்கள். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த பெரியப்பா ஒருவர் கம்பு ஊன்றி நடக்கிறார் என்றால் அந்தப் பெண் விடாமல் வந்ததுதான் காரணம். அவர்கள் ஏறி இறங்கும் வீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். ஆளைக் கூட்ட வேண்டும், அதுதான் தீர்வு. கேட்க வேண்டியது என்னவென்றால், அவர்கள் கொண்டுவரும் மருந்துப் பையிலேயே டியூபும் மூத்திரப் பையும் வர வேண்டும். சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறதல்லவா, அதே வழியில்.

வந்த பெண்ணிடம் தம்பி, "தங்கச்சி, எனக்குக் கால் வேண்டாம், தோள்பட்டைக்குப் பாரு, இப்ப எனக்கு அதுதான் கால்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னாலும் உண்மை. வருஷக்கணக்கில் வண்டி உருட்டினால் தோள் தேய்ந்துவிடும்.

தோப்புக்காரன் | 6 அக்டோபர் 2024, மாலை 4:44

அவன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான். அவன் பொண்டாட்டிக்கு 24 வயசு, கைக்குழந்தை. அவங்க வீட்டுல வந்து கூட்டிட்டுப் போறோம்னு பேசிட்டுப் போனாங்க. இதை எங்க கேட்கிறதுன்னு தெரியல.

சுரண்டைக்காரி | 6 அக்டோபர் 2024, இரவு 10:20

இங்கேயே கேளுங்கள். இதைப் பற்றிப் பேசாததுதான் நம் ஊரில் பெரிய கேடு.

அந்தப் பெண் போவதா இருப்பதா என்பதை அந்தப் பெண் சொல்லட்டும். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அவள் தலைக்கு மேல் பேசி முடிக்க வேண்டாம். அவளைத் தனியாக உட்கார வைத்து, தெரிந்த ஒரு பெண் பேசட்டும். இன்று அவள்தான் புரட்டிப் போடுகிறாள், டியூப் பார்க்கிறாள், குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். முதலில் அவளுக்கு ராத்திரி ஆறு மணி நேரத் தூக்கம் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். தூங்காத ஆளிடம் வாழ்க்கையைப் பற்றி முடிவு கேட்கக் கூடாது.

அடிபட்டவர்களும் கணவன் மனைவியாக வாழ்கிறார்கள், உடல் உறவும் உண்டு, பிள்ளையும் பெறுகிறார்கள். அதற்கு மருத்துவ உதவி இருக்கிறது. மறுவாழ்வு மையத்தில் இதை வெட்கமில்லாமல் கணவனையும் மனைவியையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். அவன் பேசாமல் கிடப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணமாக இருக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே மனநல டாக்டர் உண்டு, கூட்டிப் போங்கள். அதைவிட முக்கியம், அடிபட்டுப் பிழைத்து வாழ்கிற இன்னொருவரை வீட்டுக்கு வரச் சொல்வது. தம்பி வருவதாகச் சொல்கிறான், உங்கள் ஊர் எது என்று தனிச்செய்தி அனுப்புங்கள்.

பராமரிப்பவருக்கு என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதே 24-ஆம் பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுகிறவருக்குப் பராமரிப்பாளர் படி என்று தனியாகவே எழுதியிருக்கிறது. எங்கள் அம்மா பத்து வருஷமாக ஒரு கல்யாண வீட்டில் ராத்திரி தங்கியதில்லை. நான் வேலையை விட்டேன். இதெல்லாம் கூலி இல்லாத வேலையாகவே போய்விட்டது. மாதா மாதம் ஒரு தொகையும், வருஷத்தில் சில நாள் மாற்று ஆளும் கிடைத்தால் எத்தனை குடும்பம் உடையாமல் நிற்கும்.

சுரண்டைக்காரி | 27 அக்டோபர் 2024, காலை 8:15

யு.டி.ஐ.டி. விதி மாறியிருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறைவென்றால் வெள்ளை அட்டை, 40-லிருந்து 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். சான்று தருவதற்கான கெடு முன்பு ஒரு மாதம், இப்போது மூன்று மாதம். ஒரு மாதம் இருந்தபோதே இழுத்தடித்தார்கள். படுக்கையில் கிடப்பவருக்கு மூன்று மாதம் என்பது ரொம்ப நீளம். இதை எதிர்த்து எழுத வேண்டும்.

சுரண்டைக்காரி | 17 நவம்பர் 2024, இரவு 9:35

நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கட்டடம், போக்குவரத்து எல்லாம் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்ற தரங்கள் இதுவரை அறிவுரை மாதிரியே இருந்தன. இனி கட்டாயமாக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் விதி செய்யுங்கள் என்று அரசுக்குச் சொல்லியிருக்கிறது.

டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021-லிருந்து டிக்கெட் இல்லை. கண் தெரியாதவர்களுக்கும் கம்பு ஊன்றி நடப்பவர்களுக்கும் அது பெரிய உதவி, நானே பார்க்கிறேன். ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர் பஸ் படியில் ஏற முடியாது. சென்னையில் இந்த ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்து விட்டிருக்கிறார்கள், அதுவும் பல வருஷம் நீதிமன்றத்தில் வழக்கு நடத்திக் கிடைத்தது. தென்காசிக்கு எப்போது வரும்? மெரினாவில் கடல் வரைக்கும் மரப்பாதை 2022 நவம்பரில் போட்டார்கள், அடுத்த மாசமே மாண்டஸ் புயல் சிதைத்தது, மறுபடி சரி செய்தார்கள். தம்பி அதில் போய்க் கடல் தண்ணீரில் கை நனைத்தான். அன்று அவன் பேசிய பேச்சு ரயிலில் ஊர் வந்து சேரும்வரை ஓயவில்லை.

ரயில் என்றதும் ஒன்று: சலுகை டிக்கெட்டுக்கு ரயில்வே தனி அட்டை தரும். துணை இல்லாமல் பயணம் செய்ய முடியாதவர் என்று டாக்டர் எழுதிய சான்று வேண்டும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முக்கால்வாசிக் கட்டணம் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கும்தான்.

தோப்புக்காரன் | 2 பிப்ரவரி 2025, மாலை 7:05

மையத்துல இருந்து நேத்து வந்துட்டான். டியூப் எடுத்தாச்சு, அவனே பார்த்துக்கிறான். பராமரிப்பு உதவித்தொகை ஆர்டர் வந்துருச்சு. பொண்டாட்டி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு பொங்கலுக்கு அவளே திரும்பி வந்துட்டா. உங்க தம்பி வந்துட்டுப் போன பிறகுதான் இவன் வாயத் தொறந்தான். இப்ப கக்கூஸ் கதவு சின்னதா இருக்கு, வண்டி நுழையல.

சுரண்டைக்காரி | 2 பிப்ரவரி 2025, இரவு 8:20

படித்துவிட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "எக்கா, அவன்கிட்ட தோளைக் காப்பாத்தச் சொல்லு" என்கிறான்.

கதவு: குறைந்தது மூன்றடி அகலத் திறப்பு வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வாசலில் படி வேண்டாம், சரிவு போடுங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்கு. ஊரில் கொத்தனார் "எதுக்கு இவ்வளவு நீளம்" என்று சுருக்கிவிடுவார், சுருக்கினால் வண்டி பின்னால் கவிழும், கூடவே நில்லுங்கள். மேல்நாட்டுக் கக்கூஸ் மேடை வண்டியின் உட்காரும் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். சுவரில் கம்பி பதிக்கும்போது செங்கல்லுக்குள் நன்றாக இறக்கிப் பதியுங்கள். டவல் மாட்டும் கம்பி ஆள் பாரம் தாங்காது.

சுரண்டைக்காரி | 4 மே 2025, காலை 10:00

ஏப்ரலில் சட்டசபையில் மசோதா நிறைவேறியிருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில், கிராம ஊராட்சி வரைக்கும், மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க வழி செய்கிறது. தேர்தலில் நின்று ஜெயித்து வர வேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊராட்சிக் கூட்டம் நடக்கிற கட்டடத்துக்குள் நம் ஆள் ஒருவர் போய் உட்கார்ந்தால், அந்தக் கட்டடத்துக்குச் சரிவுப் பாதை வந்தே தீர வேண்டும். எனக்கு அது ஒன்றே பெரிய காரியம். அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போடுங்கள், தம்பியும் போடப் போகிறான். தோப்புக்காரன், உங்கள் மாமா பையனையும் போடச் சொல்லுங்கள்.

உலக வங்கிக் கடனில் மாநில அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற சேவை மையங்கள் வருகின்றன. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, ஆலோசனை எல்லாம் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். உங்கள் பக்கம் திறந்திருந்தால் போய்ப் பாருங்கள். தண்டுவடம் அடிபட்டவருக்கு சி.ஐ.சி. கற்றுத்தர ஆள் இருக்கிறாரா, வீல்சேர் பழுது பார்ப்பார்களா என்று இரண்டையும் கேட்டு இங்கே எழுதுங்கள்.

நானும் மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெல்லிய டியூபும் பையும் மாதந்தோறும் இலவசமாகத் தர வேண்டும், தாலுகாவுக்கு ஒரு வண்டி பழுதுபார்ப்பவர் வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரியில் மறுவாழ்வு மையத்தின் முகவரி எழுத வேண்டும். நாளை திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கிறேன். எந்த மாவட்டத்துக்காரர் கேட்டாலும் நகல் அனுப்புகிறேன், உங்கள் மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.